அம்மாவும் குடையும்

‘ஆங்கிலம் பேச வேண்டுமானால் தமிழில் நினைக்கக் கூடாது, ஆங்கிலத்திலேயே நினைக்க வேண்டும்’ என்று ஒரு வேதவாக்கு நம் நாட்டில் வெகுகாலமாக உலவி வருகிறது. கேட்பதற்குக் கம்பீரமாகத்தான் இருக்கிறது. மண்டைக்காட்டிலிருந்து அதிக தூரமில்லாத ஒரு பயிற்சிக்கூடத்தில் இதைப் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். வாய் தவறித் தமிழ் பேசிவிட்டால் ஐந்து ரூபாய் அபராதம். ஆங்கிலம் தெரியாதவன் ஆங்கிலத்தில் எப்படி ஐயா நினைப்பான் என்று கேட்டால் மட்டும் பதில் வருவதில்லை. கடலில் இறங்கு, ஆனால் கை கால்களைக் கரையில் கழற்றி வைத்துவிட்டு இறங்கு என்பது போல இருக்கிறது.

நான் கல்லூரியில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வெளியே வந்தவன். பண்டிதன் அல்ல. கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு, ஜனங்களின் வாயில் சொற்கள் எப்படிப் புரள்கின்றன என்று காது கொடுத்துக் கேட்பது தொழில். அந்தத் தொழில் பாத்தியதையை வைத்துக்கொண்டுதான் இந்தச் சண்டைக்கு வருகிறேன்.

இந்த வேதவாக்கு அதிகமாகச் சேதம் விளைவிக்கிற இடம் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் ஒரு குட்டி வினைச்சொல்லும் அதன் பின்னால் ஒரு குட்டி ஒட்டுச்சொல்லும் சேர்ந்து, இரண்டுக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது அர்த்தம் ஒன்றைப் பெற்றுப் போடும். ‘ஃப்ரேஸல் வெர்ப்’ என்று இதற்குப் பெயர். ‘கெட்’ என்றால் பெறுவது. ‘அலாங்’ என்றால் நெடுக. இரண்டும் சேர்ந்தால் நெடுகப் பெறுவது அல்ல, ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போவது. இப்படி ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் போக்குவரவையும் துணையையும் பற்றியவை தனி ஜாதி. கூட வருவது, கொண்டு விடுவது, வழியனுப்புவது, பின்தங்குவது, ஒட்டிக்கொண்டு அலைவது, நட்டாற்றில் விட்டுப் போவது என்று மனிதனுக்கு மனிதன் வேண்டியிருக்கிற சமாசாரம் முழுவதும் அந்த ஜாதிக்குள் அடங்கிவிடும். வெள்ளைக்காரன் கோர்ட்டில் பேசும்போது இவற்றை அதிகம் உபயோகிக்க மாட்டான். அடுப்பங்கரையிலும் ரயிலடியிலும் நோய்ப் படுக்கையிலும் இவற்றை விட்டால் அவனுக்குப் பேச்சில்லை.

நோய்ப் படுக்கை என்று சும்மா சொல்லவில்லை. எங்கள் ஜில்லாவிலிருந்து நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போகிற பெண்கள் அநேகம். இங்கிலாந்துக்குப் போவதென்றால் ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி. என்ற பரீட்சையில் தேறியாக வேண்டும். எங்கள் தெருவில் ஒரு பெண். நர்ஸிங் பட்டம் பெற்றவள், கெட்டிக்காரி. ஒரு நாள் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

“என்ன மக்ளே, ஜபமா?” என்றேன்.

“ஃப்ரேஸல் வெர்ப் மாமா. நாளைக்கு நூறு ஒப்பிக்கணும். நேத்தைக்குள்ள நூறும் மறந்து போச்சு. எனக்கு மண்டையில ஏறாதுன்னு ஸார் சொல்லிட்டாரு.”

நோட்டை வாங்கிப் பார்த்தேன். அகர வரிசையில் ஒரு பட்டியல். ஒவ்வொன்றுக்கும் எதிரே இன்னொரு ஆங்கிலச் சொல். ‘கம் அலாங்’ என்பதற்கு ‘அக்கம்பனி’. தெரியாத ஒன்றுக்குத் தெரியாத இன்னொன்றை அர்த்தமாகக் கொடுத்திருந்தார்கள். தமிழ் ஓர் எழுத்துக்கூட இல்லை. எங்கள் பகவதி அம்மனுக்குத் தலைவலி தீர மண்டையப்பம் நேர்ந்துகொள்வது வழக்கம். அந்த நோட்டைப் பார்த்தபோது எனக்கே ஒன்று நேர்ந்துகொள்ளலாமா என்று தோன்றியது.

‘மண்டையில் ஏறாது’ என்று அந்த ஆசிரியர் தீர்ப்புச் சொன்னாரே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஏறாதது அவளுடைய மண்டையின் குற்றமல்ல. அன்னியர்களுக்கு இந்த வகைச் சேர்க்கைதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம் என்பதை ஸாமுவேல் ஜான்ஸன் 1755-இல் வெளியிட்ட தம் அகராதியின் முன்னுரையிலேயே ஒத்துக்கொண்டிருக்கிறார். இவ்வளவுக்கும் அப்போது இதற்கு இன்றைய பெயர் கிடையாது. ‘ஃப்ரேஸல் வெர்ப்’ என்ற பெயரை லோகன் பியர்ஸால் ஸ்மித் என்பவர் 1925-இல்தான் புஸ்தகத்தில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். இன்னொரு வேடிக்கை: 1930-இல் ஆக்டன் என்ற ஆங்கிலேயர் உலகத்தார் எல்லோரும் சுலபமாகப் படிப்பதற்கென்று 850 சொற்களில் ஒரு ‘அடிப்படை ஆங்கிலம்’ தயாரித்தார். வினைச்சொற்கள் மொத்தம் 18-தான். ‘நுழை’ என்பதற்குத் தனிச் சொல் எதற்கு, ‘கோ இன்’ என்றால் போதாதா என்பது அவர் யோசனை. கணக்கில் 850; ஆனால் அந்தப் பதினெட்டையும் ஒட்டுச்சொற்களோடு சேர்த்துப் பார்க்கிறபோது கிளம்புகிற புதிய அர்த்தங்களை எந்தக் கணக்கில் எழுதுவது? இங்கிலீஷ்காரனுக்கு அது தாய்ப்பாலோடு வந்தது, ஆகையால் இனாம். நமக்கு அதுதான் சுமை.

இவ்வளவு கஷ்டமான விஷயத்துக்குத் தமிழை எதற்கு இழுக்கிறீர் என்று கேட்பார்கள். தமிழனுக்கு இந்த வித்தை ஏற்கெனவே தெரியும் என்பதனால்தான் இழுக்கிறேன்.

‘அவள் ஓடிப்போனாள்’ என்கிறோம். ஓடினாளா? பஸ்ஸில் ஏறி சாவகாசமாக உட்கார்ந்து போயிருப்பாள். ‘காட்டிக்கொடுத்தான்’ என்கிறோம். எதைக் காட்டினான், யாருக்கு என்ன கொடுத்தான்? ‘விட்டுக்கொடு’ என்பதில் விடுவதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. ‘ஒரு நடை எட்டிப் பார்த்துவிட்டுப் போ’ என்றால் கழுத்தை நீட்ட வேண்டியதில்லை. ஆங்கிலேயன் ‘லுக் இன்’ என்கிறானே, அதேதான், அச்சுப் பிசகாமல் அதே. ‘பின்தங்கு’ என்பதையும் ‘ஃபால் பிஹைண்ட்’ என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். ‘கூட்டி’ என்ற எச்சத்தோடு ‘வா’ சேர்ந்தால் ஒரு அர்த்தம். அதே ‘கூட்டி’யோடு ‘கொடு’ சேர்ந்தால் என்ன அர்த்தம் என்பதைப் பெரியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அடிதடியில் முடிகிற அர்த்தம். ஒரு துணைவினை மாறினால் தலை போய்விடும் என்கிற பாஷையை நான்கு வயதிலேயே பிழையில்லாமல் பேசக் கற்றுக்கொண்ட பெண்ணுக்குத்தான் ‘மண்டையில் ஏறாது’ என்று தீர்ப்பு.

எங்கள் ஊர்ப் பக்கத்துச் சரித்திரத்திலிருந்தே ஒரு பாடம் நடத்திக் காட்டுகிறேன். எங்களுக்கு அடுத்தாற்போல் இருக்கிற குளச்சலில் 1741-இல் டச்சுக்காரர்கள் மார்த்தாண்டவர்மாவிடம் தோற்றார்கள். அவர்களில் டிலனாய் என்ற தளபதி சிறைப்பட்டார். பிறகு திருவிதாங்கூர் ராஜாவிடமே சேவகத்தில் சேர்ந்து, சேனையைப் பழக்கி, 1777-இல் இங்கேயே காலமானார். தக்கலைக்குப் பக்கத்தில் உதயகிரிக் கோட்டையில் அவர் கல்லறையை இன்றும் காணலாம். இவர் கதையை ஆங்கிலத்தில் மூன்று கூட்டுவினையில் சொல்லிவிடலாம்: ‘கிவ் இன்’, ‘கோ ஓவர்’, ‘ஸ்டே ஆன்’. தமிழில்? பணிந்துபோனார், சேர்ந்துகொண்டார், தங்கிவிட்டார். போ, கொள், விடு என்று மூன்று துணைவினைகள். ‘தங்கினார்’ என்பதற்கும் ‘தங்கிவிட்டார்’ என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை எந்த மீனவச் சிறுவனைக் கேட்டாலும் சொல்வான்: தங்கினவன் திரும்பிப் போவான், தங்கிவிட்டவன் போக மாட்டான். ‘ஸ்டே’ என்பதற்குப் பின்னால் ‘ஆன்’ எதற்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை அந்தச் சிறுவனுக்கு விளக்க ஐந்து நிமிஷம் போதும். அந்த ஐந்து நிமிஷம் தமிழில் பேசுவதற்குத்தான் ஐந்து ரூபாய் அபராதம்.

இரண்டு பாஷைக்கும் வித்தியாசமே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது; அதைத்தான் சொல்லித்தர வேண்டும். ‘பையன் நொண்டிக்கொண்டே உள்ளே வந்தான்’ என்கிறோம். ஆங்கிலேயன் ‘லிம்ப்ட் இன்’ என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறான். நொண்டுவது அவனுக்கு முக்கிய வினை. உள்ளே வந்த பயணம் ‘இன்’ என்ற வாலில் இருக்கிறது. நமக்கோ வந்ததுதான் முற்றுவினை, நொண்டியது எச்சம். எந்த பாஷை பயணத்தை வினையில் வைக்கிறது, எது வாலில் வைக்கிறது என்று லெனர்ட் டால்மி என்ற அமெரிக்க மொழியியலாளர் 1985-இல் அழகாக வகைப்படுத்திக் காட்டினார். வகுப்பறைக்கு அவ்வளவு சாஸ்திரம் வேண்டாம். ‘தமிழில் கடைசியில் வருகிற வா, போ, விடு எல்லாம் ஆங்கிலத்தில் குட்டியாகி வினைக்குப் பின்னால் ஓடுகின்றன’ என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது அவ்வளவுதான். நோட்டைத் திருப்பி வைத்துவிட்டு, “அப்ப ‘ஆஃப்’ன்னா என்ன மாமா, போயிடுறதா?” என்று அவளே கேட்டாள்.

கேட்க வேண்டிய கேள்வி அதுதான். ‘ஆஃப்’ வருகிற இடத்தில் அநேகமாக ஒரு பிரிவு இருக்கிறது. ‘ஸீ ஆஃப்’ என்றால் ரயிலடி வரை போய் வழியனுப்புவது. ‘டிராப் ஆஃப்’ என்றால் கொண்டு விட்டுவிட்டுத் திரும்புவது. ‘ஸெட் ஆஃப்’ என்றால் புறப்பட்டுவிடுவது. ‘ரன் ஆஃப் வித்’ என்றால் மேலே சொன்ன ஓடிப்போன விவகாரம். ‘அலாங்’ வருகிற இடத்தில் பிரிவு இல்லை. ஒரே வழியில் இரண்டு பேருடைய கால்கள். எங்கள் ஜனங்கள் ‘ஒண்ணிச்சுப் போவோம்’ என்று சொல்வார்களே, அந்த ‘ஒண்ணிச்சு’தான் ‘அலாங்’. ‘கம் அலாங்’ கூட வருவது. ‘பிரிங் அலாங்’ கூட்டி வருவது. ‘டாக் அலாங்’ கூப்பிடாமலே ஒட்டிக்கொண்டு வருவது. இந்த இரண்டு வால்களைப் பிடித்துக்கொண்டால் பட்டியலில் பாதி தானாகக் கரைந்துவிடும். ‘அப்’ என்ற வால் மட்டும் லேசில் பிடிபடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது எப்போதும் மேலே போவதல்ல. முன்னால் போகிறவனை எட்டிப்பிடிப்பது ‘காட்ச் அப்’. வருவானா மாட்டானா என்றிருந்தவன் வந்து சேர்வது ‘டர்ன் அப்’. ஏறக்குறைய நம் ‘விடு’ மாதிரி, காரியம் முற்றுப்பெற்றுவிட்டது என்பதைக் காட்ட வருகிறது. எல்லா இடத்திலும் அல்ல.

இன்னொரு சங்கதி. ‘நான்’, ‘அவன்’ போன்ற சுட்டுப்பெயர் வந்தால் அது வினைக்கும் வாலுக்கும் நடுவில் நிற்க வேண்டும். ‘ஸீ ஹிம் ஆஃப்’, ‘டிராப் மீ ஆஃப்’. ரோட்டில் போகும்போது குழந்தையை அப்பாவும் அம்மாவும் நடுவில் விட்டு ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொள்வது போல. ஆனால் ‘ரன் இன்டு’ என்பதில் குழந்தை நடுவில் போகாது, பின்னால்தான் வரும். அதில் வருகிற ‘இன்டு’ வினையின் வால் அல்ல, பெயருக்கு முன்னால் நிற்கிற வேற்றுமை உருபு மாதிரியான சொல். பட்டியல் நோட்டில் இந்த வித்தியாசம் எங்கும் இல்லை. இரண்டையும் ஒரே வரிசையில் அடுக்கியிருக்கிறார்கள்.

தமிழில் நின்று பார்த்தால் ஆங்கிலத்தின் ஏழ்மையும் தெரியும். நாம் பெரியவர்களை அழைத்து வருகிறோம். சோட்டாளிகளைக் கூட்டி வருகிறோம். சாமான்களைக் கொண்டு வருகிறோம். குழந்தையைத் தூக்கி வருகிறோம். ஆங்கிலேயன் எல்லாவற்றுக்கும் ‘பிரிங் அலாங்’ என்கிறான். அம்மாவையும் குடையையும் ஒரே வினையில் கொண்டு வருகிறான்! இதைச் சொன்னதும் அந்தப் பெண் சிரித்த சிரிப்பைப் பயிற்சிக்கூடத்தார் கேட்டிருக்க வேண்டும். அதற்கப்புறம் அவள் ‘பிரிங் அலாங்’கை மறக்கவே இல்லை. அதோடு ஒரு விஷயமும் புரிந்துகொண்டாள். நாம் வினையில் வைக்கிற மரியாதையை அவர்கள் வினையில் வைப்பதில்லை. ‘ப்ளீஸ்’, ‘வுட் யூ’ என்று வாக்கியத்தின் வேறு மூலையில் வைக்கிறார்கள். நோயாளியிடம் ‘கம் அலாங்’ என்று மொட்டையாகச் சொன்னால் அதட்டல் போலக் காதில் விழலாம். இதைத் தெரிந்துகொள்ளாமல் பரீட்சையில் தேறி என்ன பிரயோஜனம்?

எதிர்க்கட்சிக்காரர்களிடம் ஓர் ஆயுதம் இருக்கிறது, அதை மறைக்காமல் சொல்கிறேன். “தமிழில் நினைத்ததனால்தானே நம்மவர்கள் விடைபெறும்போது ‘ஐ வில் கோ அண்ட் கம்’ என்று உளறுகிறார்கள்?” என்பார்கள். வாஸ்தவம், உளறுகிறார்கள். ஆனால் காரணம் தமிழில் நினைத்தது அல்ல. தமிழை நினைத்துப் பாராதது. ‘போய் வருகிறேன்’ என்று சொல்கிற தமிழன் திரும்பி வருவதாக வாக்குக் கொடுக்கவில்லை. ‘போகிறேன்’ என்ற வெறும் சொல் அமங்கலம் என்பதனால் ஒரு ‘வா’வைத் துணைக்கு அனுப்புகிறான். தமிழிலேயே அதற்குப் போவதும் வருவதும் அர்த்தமில்லை என்று ஒருவர் சொல்லிக்கொடுத்திருந்தால், பையன் அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்திருக்க மாட்டான். ‘வருகிற’ சொல்லும் ‘தருகிற’ சொல்லும் தன்மை முன்னிலைக்கு உரியவை, ‘செல்வதும்’ ‘கொடுப்பதும்’ படர்க்கைக்கு உரியவை என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் விதித்துவிட்டுப் போயிருக்கிறார். எவன் எங்கே நின்று பேசுகிறான் என்பதில் அவ்வளவு கவனம் அந்த மனிதருக்கு. அந்தக் கவனத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் ‘கம்’மும் ‘கோ’வும் எங்கே மாறும் என்பது தானே விளங்கும்.

தமிழை விரட்டியடித்த வகுப்பில் பிழை வருவதில்லையா? படித்தவர்கள் எல்லோரும் ‘2019-இல் பாஸ் அவுட் ஆனேன்’ என்கிறார்கள். பட்டாளப் பயிற்சி முடித்தவனைப் பற்றி இங்கிலீஷ்காரன் அப்படிச் சொல்வதுண்டு. மற்றவர்கள் விஷயத்தில் அவன் காதில் விழுகிற அர்த்தம் ‘மயங்கி விழுந்தேன்’ என்பது. நர்ஸ் உத்தியோகத்துக்கு நேர்முகத்துக்குப் போகிற பெண் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளக்கூடிய வாக்கியமா இது? இந்தப் பிழையில் தமிழின் கைரேகை எங்கும் இல்லை.

எங்கள் ஜில்லாவுக்கு இங்கிலீஷ் படிப்பு நேற்று வந்ததல்ல. 1806-இல் மயிலாடிக்கு வந்த பாதிரியார் ரிங்கல்தௌபே, பிறகு நாகர்கோவிலிலும் நெய்யூரிலும் இருந்த மீட் என்று இருநூறு வருஷத்துச் சம்பந்தம். ரிங்கல்தௌபே இங்கே வருவதற்கு முன்னால் தரங்கம்பாடியில் தங்கித் தமிழ் படித்தார். சொல்லிக்கொடுக்க வந்தவர் கேட்கிறவர்களுடைய பாஷையைப் படித்துக்கொண்டு வந்தார். இன்றைக்கு அதே பாஷையில் பிறந்த ஆசிரியர், அதே பாஷையில் பிறந்த மாணவியிடம், அதைப் பேசியதற்காக உண்டியலை நீட்டுகிறார்.

மாசிக் கொடை நடக்கிற பத்து நாளும் எங்கள் ஊரில் நின்று ஒலிபெருக்கியைக் கேட்க வேண்டும். கேரளத்திலிருந்து இருமுடி கட்டிக்கொண்டு பெண்கள் திரள் திரளாக வருவார்கள். அந்தக் கூட்டத்தில் பிரிந்துபோனவர்களுக்காக அறிவிப்பு வரும்: கூட வந்தவர்களை விட்டுப் பிரிந்துவிட்ட அம்மா ஒருவர் இங்கே காத்துக்கொண்டிருக்கிறார், உறவினர்கள் வந்து கூட்டிக்கொண்டு போகவும் என்று. தமிழில் ஒரு தரம், மலையாளத்தில் ஒரு தரம். இதையே ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் பட்டியலை மனப்பாடம் செய்தவன் ‘அக்கம்பனி’யைத் தேடுவான், ‘பிக் ஹெர் அப்’ என்று சொல்ல அவனுக்குத் துணிவு வராது, ‘பிக்’ என்றால் பொறுக்குவது அல்லவா, அம்மாவை எப்படிப் பொறுக்குவது என்று திகைப்பான். அந்த அறிவிப்பு ஒன்றைக் கரும்பலகையில் எழுதி ஒரு வாரம் பாடம் நடத்தலாம். வினை எது, துணை எது, யார் யாரைக் கூட்டுகிறார்கள், யார் யாரை விட்டார்கள் என்று முதலில் தமிழில் பிரிக்கச் சொல்லுங்கள். பிறகு ஆங்கிலத்தில் பேசச் சொல்லுங்கள்.

அந்தப் பயிற்சிக்கூடத்தாரிடமே போய் இதைச் சொன்னேன். நிர்வாகி சாந்தமாகத்தான் கேட்டுக்கொண்டார். “நீங்கள் சொல்வது நியாயம், ஸார். ஆனால் வகுப்பிலிருந்து தமிழ்ச் சத்தம் வெளியே கேட்டால் பெற்றோர்கள் பீஸ் கட்ட மாட்டார்கள்” என்றார். உள்ளதைச் சொன்னாரே என்று அந்த மட்டில் அவர்மேல் எனக்கு மதிப்புத்தான். வேதவாக்கின் மூலம் கல்லாப்பெட்டியில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு எழுந்தேன். வாசலில் புதிதாக ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். தேறின பெண்களின் போட்டோக்கள் வரிசையாக. மேலே கொட்டை எழுத்தில், ‘எங்களிடம் பாஸ் அவுட் ஆனவர்கள்’.